நெருக்கடியில் சிக்கிய அயல்நாட்டு மாணவருக்கும் ஆய்வாளருக்கும் பல்கலைக்கழகம் எதைத் தருவது: ஆறு வழிகளின் ஒப்பீடு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களாகவும் இருக்கும் வாசகர்கள் சிலர், ஏறத்தாழ ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாட்டில் போர் மூள்கிறது, அல்லது நாணயம் சரிகிறது, அல்லது ஆட்சி மாறிப் பெண்களுக்கு வகுப்பறைக் கதவு மூடப்படுகிறது. அந்நாட்டு மாணவர்கள் வளாகத்தில் இருக்கிறார்கள். அந்நாட்டு ஆய்வாளர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருக்கின்றன. உதவியை முடிவு செய்யும் பல்கலைக்கழகக் குழுவின் கையில் இருப்பதோ அளவான நிதி. அதை அவசர உதவித்தொகையாகப் பகிர்ந்தளிப்பதா, கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதா, ஓர் ஆய்வாளரை வரவழைத்து இடம் தருவதா என்று முடிவெடுக்க முடியாமல் குழுக்கள் தடுமாறுகின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தருகிறோம் என்ற கேள்விக்கு முன்பு, எத்தனை காலத்துக்குத் தருகிறோம், அந்தக் காலம் முடியும் நாளில் அவர் எந்தச் சட்ட நிலையில் நிற்பார் என்ற இரண்டையும் தீர்மானிக்க வேண்டும். முடிவு திட்டமிடப்படாத உதவி, ஒருவரை ஓராண்டு கழித்து அதே நிலையில், இம்முறை அறிமுகமற்ற ஊரில், மீண்டும் நிறுத்திவிடும்.

## ஒப்பிடுவதற்கு முன்

ஏற்கெனவே வளாகத்தில் இருப்பவரையும், இன்னும் நெருக்கடி நடக்கும் நாட்டிலோ அதன் அண்டை நாட்டிலோ இருப்பவரையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது. முதலாமவருக்குப் பணவரவு நின்றுவிட்டது. விசா முடியும் நாள் நெருங்குகிறது. திரும்பிப் போக வழியில்லை. இரண்டாமவருக்குப் பயணமே முதல் தடை: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, நேர்காணலுக்குத் திறந்திருக்கும் ஒரு தூதரகம், எல்லையைக் கடக்க அனுமதி. செய்திகளில் இரண்டாமவரே தெரிவதால், மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டு வாடகை கட்ட முடியாமல் இருக்கும் முதலாமவர் குழுவின் கண்ணிலிருந்து தப்பிவிடுவது எளிது. நிதியைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது.

இனி அளவுகோல்கள். முதலாவது வேகம்: உதவி கை சேர எத்தனை வாரம் ஆகும்? இரண்டாவது காலம்: ஒரு மாதமா, ஒரு பருவமா, படிப்பு முடியும் வரையிலா? மூன்றாவது சட்ட நிலை: இந்த உதவி அவரது விசாவைக் காக்கிறதா, குலைக்கிறதா? நான்காவது, முடிவில் கிடைக்கும் பட்டமோ பதவியோ வேறிடத்தில் செல்லுமா என்பது. ஐந்தாவது மறைமுகச் செலவு; பல்கலைக்கழகத்துக்கு ஆவது மட்டுமல்லாமல், உதவி பெறுபவருக்கும் அவர் விட்டுவந்த நிறுவனத்துக்கும் ஆவதும் இதில் அடங்கும். இவற்றோடு, அவருடைய குடும்பம் இன்னும் அந்நாட்டில் இருக்கிறது என்பதால், பெயரும் படமும் வெளியாவதால் வரும் ஆபத்தை எல்லா வழிகளிலும் தனியாகப் பார்க்க வேண்டும்.

## 1. அவசர உதவித்தொகை

எல்லா வழிகளிலும் விரைவானது இதுதான். இலங்கையின் 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த மாற்று விகிதம் மே மாதத்தில் 360 அளவுக்குப் போயிற்று. இடையில் ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்திவைத்தது. ஆண்டுக்கு 20,000 டாலர் கட்ட வேண்டிய ஒரு குடும்பத்துக்கு 40 இலட்சமாக இருந்த தொகை மூன்று மாதங்களுக்குள் 72 இலட்சமாகிவிட்டது. அதைத் திரட்டினாலும், வங்கியில் டாலர் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இப்படிப்பட்ட மாணவருக்கு அடுத்த வாடகையும் மளிகையுமே உடனடிக் கவலை. அதற்கு ரொக்கமே சரியான உதவி.

மறைமுகச் செலவுகள் மூன்று. அமெரிக்காவில், கல்விக் கட்டணத்துக்கு மேற்பட்டு வாழ்க்கைச் செலவுக்கென எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்குத் தரப்படும் நல்கையில் பொதுவாக 14 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். நாட்டுக்கு நாடு வரி ஒப்பந்தம் மாறும் என்பதால், கையில் எவ்வளவு சேரும் என்பதை முன்பே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது, சான்று கேட்பதில் ஏற்படும் தாமதம். குண்டு விழும் ஊரிலிருந்து பெற்றோரின் வங்கி அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லும் விண்ணப்பப் படிவம், உதவியின் ஒரே சிறப்பான வேகத்தை இழக்கச் செய்கிறது. மூன்றாவது, தொகை சிறிதாகி ஒரே முறையோடு நின்றுவிட்டால், மாணவர் அடுத்த மாதம் வேறொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கும். பலருக்குச் சிறிதளவு என்பதைவிடச் சிலருக்கு ஒரு பருவம் முழுவதற்கும் தருவதையே நான் பரிந்துரைப்பேன். தன் நிதி போதாத பல்கலைக்கழகம் வெளி நிதியையும் நாடலாம்: அமெரிக்காவின் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் நடத்தும் அவசர மாணவர் நிதிக்குப் பல்கலைக்கழகமே மாணவர் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். எனவே அத்தகைய பரிந்துரையைச் செய்யும் பொறுப்பாளர் யார் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

## 2. கட்டணத் தள்ளுபடியும் ஒத்திவைப்பும்

இவ்விரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. தள்ளுபடி கடனை நீக்குகிறது. ஒத்திவைப்பு அதைத் தள்ளிப்போட்டு, பல இடங்களில் தாமதக் கட்டணத்தையும் சேர்க்கிறது. நிலுவை இருக்கும் மாணவரின் பெயரை அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய மென்பொருள் மறுத்துவிட்டால், முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும்; அதனோடு விசாவும் போகும். அமெரிக்காவில் முறைப்படி அனுமதி பெற்றுப் படிப்பிலிருந்து விலகும் எஃப்-1 மாணவருக்கு நாட்டைவிட்டு வெளியேறக் கிடைப்பது 15 நாள். எனவே, "ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொள், பணம் வந்ததும் திரும்பி வா" என்று நல்லெண்ணத்தோடு சொல்லும் ஆசிரியர், போர் நடக்கும் ஊருக்கு அவரைத் திருப்பி அனுப்பும் அறிவுரையைத் தந்துவிடக்கூடும்.

பல்கலைக்கழகத்தின் பார்வையில் தள்ளுபடி எளிது: கல்லாவிலிருந்து பணம் வெளியே போவதில்லை, வர வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். மாணவரின் பார்வையில் அது சாப்பாடு போடாது. ஒன்றிரண்டு பருவங்களே மீதமிருக்கும் மாணவருக்குத் தள்ளுபடி மிகப் பொருத்தமானது. முதலாண்டு மாணவருக்குத் தருவதானால், மீதி ஆண்டுகளுக்கும் அது தொடருமா என்பதை எழுத்தில் தர வேண்டும். ஒத்திவைப்பை மட்டும் தருவதானால், பதிவுத் தடையை நீக்கும் கடிதத்தையும் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சேர்த்தே வாங்கித் தாருங்கள்.

## 3. வேலை அனுமதியும் சட்ட உதவியும்

செலவைப் பார்த்தால் இது மிகக் குறைவு; பயனைப் பார்த்தால், என் மதிப்பீட்டில், ஏற்கெனவே வளாகத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. அமெரிக்க விதிகளின்படி எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம். கடுமையான பொருளாதார நெருக்கடி நேர்ந்தால், ஒரு கல்வியாண்டை முடித்தவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யவும் அனுமதி கேட்கலாம். நாணய மதிப்பு பெரிதும் சரிவதையே அந்த விதி ஒரு காரணமாகக் குறிப்பிடுகிறது. ஒரு நாடு முழுவதற்குமே சலுகை அறிவிக்கப்படுவதும் உண்டு. 1998இல் ஆசிய நிதி நெருக்கடியின்போது இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, தென்கொரியா முதலிய நாட்டு மாணவர்களுக்கும், பின்னர் சிரியா, நேபாளம், உக்ரைன் நாட்டு மாணவர்களுக்கும் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. அந்தச் சலுகையின்கீழ் கூடுதல் மணி நேரம் வேலை செய்யலாம். பாடங்களைக் குறைத்துக்கொண்டாலும் முழுநேர மாணவராகவே கருதப்படுவார்.

இத்தனையும் விதிப்புத்தகத்தில் இருந்தும் மாணவருக்குத் தெரிவதில்லை என்பதே குறை. இதை அறிந்த ஓர் ஆலோசகரை அமர்த்துவதும், குடிவரவுச் சட்டம் பயிலும் வழக்கறிஞர் ஒருவரை வாரத்தில் சில மணி நேரம் வரவழைப்பதும், அதே தொகையை நல்கைகளாகப் பிரித்துத் தருவதைவிட அதிகம் பேருக்குப் பயன்படும். புகலிடம் கேட்பதா என்ற கேள்வியில் மட்டும் பல்கலைக்கழக ஊழியர் தாமே அறிவுரை சொல்லாமல், வெளி வழக்கறிஞரிடம் அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. சட்டபூர்வமான விசா நிலையில் இருந்தவருக்கு விதிவிலக்குக் கிடைக்க இடமுண்டு. ஆனால் விண்ணப்பித்தபின் தாய்நாட்டுக்குப் போய்வருவது வழக்கையே கெடுத்துவிடலாம். தாயின் உடல்நிலையைப் பார்க்கப் போக நினைக்கும் மாணவருக்கு இது சிறிய செய்தி அன்று.

இதன் மறைமுகச் செலவு மாணவரின் நேரம். வாரம் 35 மணி நேரம் உணவகத்தில் நிற்கும் முனைவர் பட்ட மாணவரின் ஆய்வு தேங்கிப்போகும். வேலை அனுமதி வந்துவிட்டது என்பதற்காக நல்கையை நிறுத்துவது தவறு.

## 4. படிப்பு முறிந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளல்

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது: படிப்பது ஓரிடத்தில், பட்டம் தருவது யார்? 2022இல் உக்ரைனில் படித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 18,000 இந்திய மாணவர்களின் கதை தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவம் படித்தவர்கள். முழுப் படிப்பையும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு இந்திய மருத்துவ உரிம விதி சொல்கிறது. இந்தியக் கல்லூரிகளில் இடையில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு நடுவழியை ஏற்றது: மாணவர் வேறு நாட்டில் படிக்கலாம், பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகமான உக்ரைன் கல்லூரியே தர வேண்டும். மருத்துவம், சட்டம் போன்ற உரிமம் தேவைப்படும் படிப்புகளில், இடம் தரும் பல்கலைக்கழகத்தின் தாராளத்தைவிட, மாணவர் பின்னாளில் தொழில் செய்யப்போகும் நாட்டின் உரிம விதியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதைப் படிக்காமல் "வாருங்கள்" என்று அழைப்பது மாணவரின் ஆண்டுகளைப் பணயம் வைப்பதாகும்.

தாய்ப் பல்கலைக்கழகம் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப்போட்டபோது, அமெரிக்கக் கல்லூரிகள் பல அந்நகர மாணவர்களை வருகை மாணவர்களாகவே சேர்த்துக்கொண்டன. சொந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டியவரிடம் மீண்டும் கட்டணம் வாங்கவில்லை. இதனால் மாணவரின் ஒரு பருவமும் காப்பாற்றப்பட்டது, அவர்களது கல்லூரிகளின் வருவாயும் காப்பாற்றப்பட்டது. நெருக்கடி தற்காலிகம் என்று நம்ப இடமிருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு இணையில்லை. திரும்பிப் போகவே முடியாது என்றால் வேறு முன்மாதிரி தேவை. 1956ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டபின், சோப்ரோன் வனவியல் கல்லூரியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ 200 மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1957இல் ஒருசேர ஏற்றது. அவர்கள் தங்கள் ஆசிரியர்களிடமே படிப்பைத் தொடர்ந்து பட்டம் பெற்றார்கள். 1961 வரை அந்தப் பிரிவு இயங்கியது. தனித்தனியாகச் சிதறவிடாமல் ஒரு பிரிவையே ஏற்றது அரிய முடிவு. அதற்குத் தேவைப்பட்ட இடமும் பணமும் எல்லாருக்கும் வாய்க்காது என்பதும் உண்மை.

சட்ட நிலை என்ற அளவுகோலில் முதலிடம் பெறுவது கனடாவின் உலகப் பல்கலைக்கழகச் சேவை அமைப்பு 1978 முதல் நடத்திவரும் அகதி மாணவர் திட்டம். ஒவ்வொரு மாணவரும் பருவக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை செலுத்துகிறார். அதைக்கொண்டு மாணவர்களே ஓர் அகதி மாணவருக்குப் புரவலராகிறார்கள். வருபவர் நிரந்தர வசிப்புரிமையுடன் இறங்குகிறார். விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டு படிக்கும் நிலை அவருக்கு இல்லை. நிதி சிறிதெனினும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது என்பது இன்னொரு வலிமை. தனியார் புரவலர் முறையைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் மாணவர் சங்கங்கள் வேறு எதையும்விட இதையே முதலில் பார்க்க வேண்டும்.

சான்றிதழ்கள் எரிந்துபோனவர்களுக்கு என்ன செய்வது? அகதிகளின் தகுதிகளை ஆவணம் முழுமையாக இல்லாவிடினும் மதிப்பிட நியாயமான வழி காண வேண்டும் என்று 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு சொல்கிறது. ஐரோப்பிய மன்றம் 2017 முதல் நேர்காணல் வழியாக ஒரு தகுதிச் சான்றை வழங்கிவருகிறது. அதை ஏற்பதாகச் சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே முடிவெடுத்து வைத்தால், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாக வாதாட வேண்டியதில்லை.

## 5. ஆய்வாளருக்கு இடம் தருதல்

பெயரும் புகழும் தருவது இந்த வழி. மிகுந்த செலவும் இதற்கே. 1933இல் நாஜி ஆட்சி யூதப் பேராசிரியர்களைப் பதவிநீக்கியபோது பிறந்த அமைப்புகள் சில இன்றும் இயங்குகின்றன: பிரிட்டனில் வில்லியம் பெவரிட்ஜ் முயற்சியால் அவ்வாண்டில் தோன்றிய கல்வியாளர் உதவிக் குழு இன்று காரா என்ற பெயரில் பணிபுரிகிறது. அதே ஆண்டு நியூயார்க்கில் அமைந்த அவசரக் குழுவிடம் ஏறத்தாழ 6,000 பேர் உதவி கேட்டார்கள். அதனால் உதவ முடிந்தது 335 பேருக்கு. இந்த விகிதம் இன்றைய குழுக்களின் மேசையிலும் இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற நெறியை எழுதி வைக்காமல் இந்த வழியில் இறங்கக் கூடாது.

நமக்கு நெருக்கமான சான்று பெங்களூரில் இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய இயற்பியலறிஞர் மாக்ஸ் போர்னை, இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்த சர் சி. வி. ராமன் 1935இல் அழைத்து வந்தார். நிரந்தரப் பதவி ஒன்றை அவருக்குப் பெற்றுத்தர ராமன் மிகவும் முயன்றார். கழகத்துக்குள் எழுந்த எதிர்ப்பால் அது நடக்கவில்லை. போர்ன் 1936இல் எடின்பரோவுக்குச் சென்றார். 1954இல் நோபல் பரிசு பெற்ற அறிஞரை இந்தியா தக்கவைத்துக்கொள்ளத் தவறியதற்கு, ஒரு தனிமனிதரின் ஆர்வத்தை நிறுவனத்தின் ஒப்புதல் பின்தொடராததே காரணம். துறைத்தலைவர் ஒருவர் மட்டும் விரும்பி அழைக்கும் விருந்தினர் பதவிகளுக்கு இன்றும் இதுவே நேர்கிறது.

இதற்கு எதிர்முகம் இஸ்தான்புல். நோயியலறிஞர் பிலிப் ஷ்வார்ட்ஸ் சூரிச்சில் அமைத்த உதவிச் சங்கத்தின் வழியாக, 1933இல் அத்தாதுர்க்கின் பல்கலைக்கழகச் சீர்திருத்தத்துக்கு வேண்டிய பேராசிரியர்களாகவே ஜெர்மானிய அறிஞர்கள் அங்கே போனார்கள். சில ஆண்டுகளில் துருக்கி மொழியில் கற்பிக்க வேண்டும், பாடநூல் எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்த நிபந்தனைகள் கடினமானவை. ஆயினும் வந்தவர் அங்கே தேவைப்பட்டவராக இருந்தார்.

பிலிப் ஷ்வார்ட்ஸ் பெயரில் ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை 2015இல் தொடங்கிய திட்டத்தில், இடம் தரும் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்க வேண்டும். நல்கை பொதுவாக 24 மாதம். அமெரிக்காவின் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் 2002 முதல் நடத்தும் ஆய்வாளர் மீட்பு நிதி ஆண்டுக்கு 25,000 டாலர் வரை தருகிறது; இடம் தரும் நிறுவனமும் அதற்கு ஈடான பங்கைச் சேர்க்கும் என எதிர்பார்க்கிறது. 1999இல் சிகாகோவில் தொடங்கி இப்போது நியூயார்க்கிலிருந்து செயல்படும் 'ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்' வலையமைப்பு, ஆய்வாளரையும் நிறுவனத்தையும் இணைத்து வைக்கிறது.

மறைமுகச் செலவில் முதலாவது குடும்பம்: துணைவரின் விசா, குழந்தையின் பள்ளி, மருத்துவக் காப்பீடு, முதல் மூன்று மாத வாடகைக்கான முன்பணம். அடுத்தது நேரம். ஓராண்டு நல்கையோடு வருபவர் ஊர் பழகுவதற்குள், அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும் பருவம் வந்துவிடும். ஆய்வு செய்ய எந்த மாதம் மிஞ்சும்? அதனால், இரண்டாண்டுக்குப் பணமும் துறையின் எழுத்துமூல ஒப்புதலும் இல்லாத குழுவுக்கு நான் சொல்வது: இப்போது அழைக்காதீர்கள், அந்தப் பணத்தைக் காரா போன்ற அமைப்புக்கோ அடுத்த பகுதியில் வரும் வழிக்கோ கொடுங்கள்.

## 6. தொலைவிலிருந்து துணைநிற்றல்

வெளியேற முடியாதவர்களும், வெளியேற விரும்பாதவர்களும் உண்டு. ஆப்கானிஸ்தானில் 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபின், அங்கேயே இருக்கும் மாணவியருக்கு இணையவழிப் படிப்பே எஞ்சிய வழிகளுள் ஒன்று. உக்ரைனில் பதினெட்டு முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை இருந்த நிலையில், பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2022 முதல் அங்குள்ள பல்கலைக்கழகங்களோடு இரட்டையர் உடன்பாடு செய்துகொண்டன. லிவர்பூல் பல்கலைக்கழகம் உக்ரைனின் சூமி அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இதில் ஆசிரியர்கள் இடம்பெயராமலே ஆய்வு தொடர்கிறது. தாய் நிறுவனம் வெறுமையாவதில்லை.

இவ்வழியில் மிக மலிவான, ஆனால் மிகுதியாக வேண்டப்படும் ஒன்று நூலக அணுக்கமும் பல்கலைக்கழக மின்னஞ்சலும். கட்டணச் சுவருக்குப் பின்னாலிருக்கும் ஆய்விதழ்களைப் படிக்க முடிந்தால்தான் ஓர் ஆய்வாளர் ஆய்வாளராக நீடிக்க முடியும். மறைமுகச் செலவு பாதுகாப்பில் இருக்கிறது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் தொடர்பே குற்றமாகக் கருதப்படும் இடத்தில், இணையதளத்தில் வெளியிடும் பெயர்ப்பட்டியல் ஆபத்தாகும். பொருளாதாரத் தடைக்குட்பட்ட நாடுகளுக்குப் பணம் அனுப்ப வங்கி மறுக்கலாம். மின்சாரம் நாளில் சில மணி நேரமே வரும் ஊருக்கு, நேரலை வகுப்பைவிடப் பதிவிறக்கி வைத்துப் படிக்கும் பாடம் பயன்படும்.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் | காலம் | கவனிக்க வேண்டியது | எப்போது சிறந்தது |
|---|---|---|---|---|
| அவசரத் தொகை | நாட்கள், வாரங்கள் | குறுகியது | வரி, ஒருமுறையோடு நிற்றல் | பணவரவு திடீரென நின்றபோது |
| கட்டணத் தள்ளுபடி | ஒரு பருவம் | நடுத்தரம் | வாழ்க்கைச் செலவு, பதிவுத் தடை | படிப்பு முடியும் தறுவாயில் |
| வேலை அனுமதி, சட்ட உதவி | சில மாதங்கள் | நீண்டது | படிப்பு நேரம் குறைதல் | வளாகத்தில் பலர் பாதிக்கப்பட்டபோது |
| மாணவர் சேர்க்கை | ஓராண்டு | மிக நீண்டது | பட்டத்தின் செல்லுபடி | தாய் நிறுவனம் இயங்காதபோது |
| ஆய்வாளர் பதவி | ஓராண்டு | நல்கையைப் பொறுத்தது | நல்கைக்குப் பிந்தைய நிலை | துறையே விரும்பும்போது |
| தொலைத் துணை | வாரங்கள் | நீட்டிக்கலாம் | பாதுகாப்பு, பணம் அனுப்புதல் | வெளியேற வழியில்லாதபோது |

## யாருக்கு எது

சிறிய கல்லூரி, நிதி ஒரு சில ஆயிரம் டாலர் மட்டும் என்றால்: மூவர் குழு, ஒரு பக்க விண்ணப்பம், ஒரு வாரத்தில் முடிவு என்ற முறையில் அவசரத் தொகை, அதனோடு பதிவுத் தடையை நீக்கும் கடிதம். அயல்நாட்டு மாணவர் நூற்றுக்கணக்கில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் முதலில் சட்ட ஆலோசகரை அமர்த்தட்டும், பிறகு நல்கை நிதியைப் பெருக்கட்டும். மாணவர் சங்கத்துக்கு, சட்டம் இடம் தந்தால், புரவலர் திட்டம். நூலகருக்கு எந்த நிதியும் இல்லாவிட்டாலும், வருகை ஆய்வாளர் கணக்குகளைத் திறக்கும் அதிகாரம் பல இடங்களில் உண்டு. அதை நாளைக்கே செய்யலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், உதவி பெறுபவருக்குத் தரும் கடிதத்தில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: பணம் நிற்கும் தேதி, அந்தத் தேதியில் அவரது விசா நிலை, அதற்கு ஆறு மாதம் முன்பு அவரோடு அமர்ந்து அடுத்த படியைத் திட்டமிடும் பொறுப்பாளரின் பெயர், அவரது பெயரும் படமும் அவர் இசைவின்றி எங்கும் வெளியிடப்படாது என்ற உறுதி. கடிதத்தைக் குழுத் தலைவரோடு பதிவாளரும் கையொப்பமிட்டுத் தருவது நல்லது. குழுத் தலைவர்கள் மாறுவார்கள், பதிவாளர் அலுவலகக் கோப்பு இருக்கும்.